விசில் வாத்தியாரின் எண்பது நாள்

டிஸ்சார்ஜ் அறையில் இருந்தவர்கள்: ஐம்பத்தொன்பது வயது விசில் வாத்தியார், கையில் அளவுக் கருவியோடு கதிர்வீச்சு டெக்னீஷியன், ஒரு சிஸ்டர்; தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையை மடியில் வைத்தபடி வாத்தியாரின் மனைவி. இவர்கள் தவிர, எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு பல் செட்.

கத்திக்கொண்டிருந்தது அந்தப் பல் செட்தான். வாத்தியாரின் கழுத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தபோது கருவி சோம்பலாக 'டிக்... டிக்...' என்றது. கிண்ணத்துக்கு நேரே கொண்டுபோனதும் சோளம் பொரிவது போலப் பொரிந்தது.

"நீங்க வீட்டுக்குப் போகலாம் சார்," என்றார் டெக்னீஷியன். "பல்லு போக முடியாது."

வாத்தியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "மெதுவா பேசுங்க. வெளிய அவ உக்காந்திருக்கா."

"கண்ணாடி தடிமன் சார். கேக்காது."

"அவ நூலகத்துல வேலை பாக்கறவ. முப்பது வருஷமா யாரும் அவகிட்ட சத்தமாப் பேசினதில்ல. உதட்டைப் பாத்தே படிச்சிடுவா."

டெக்னீஷியன் முதுகைக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டு விளக்கினார். தைராய்டை வெட்டி எடுத்த பிறகு மிச்சம் மீதியைக் கொல்ல விழுங்கிய கதிரியக்க அயோடின் எச்சிலில் வரும். பல் செட் மூன்று நாள் அந்த எச்சிலிலேயே ஊறியிருக்கிறது. "எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாக் குறையும். பத்து தடவை பாதியானா குடுத்துடுவோம்."

"அப்படின்னா?"

"எண்பது நாள்."



"ஃபாரத்துல பல் செட் இருக்கான்னு தனியா ஒரு கேள்வியே இருக்கு சார்," என்றார் சிஸ்டர். "இருந்தா வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லியிருப்போம். நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்களே."

எழுதியது அவரில்லை. அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் நிரப்பினாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தவள், "செயற்கைப் பல் உண்டா?" என்று கேட்டுத் தலைநிமிர்ந்தாள். "என்னைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?" என்று அவர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். அவள் 'இல்லை' என்று எழுதிவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்வது அவள் பழக்கம். கூச்சம் என்று அவர் நினைத்திருந்தார்.

முப்பத்திரண்டில் மேல்வரிசை முழுக்கப் பொய். பதினோரு வருடமாகப் பொய். உடற்பயிற்சி ஆசிரியர்; கழுத்தில் விசில்; "ஒழுக்கமா இருக்கறவன் பல்லு ஒருநாளும் விழாது" என்று நாலாயிரம் பையன்களுக்குச் சொன்னவர். ஈறு நோய் வந்து பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியபோது, பயிற்சி முகாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் ஒரு விடுதியில் தங்கி, மொத்தமாகப் பிடுங்கி, செட் கட்டிக்கொண்டு திரும்பினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் திரும்பிய மூன்றாம் மாதம் மனைவி பல்வலி என்று அழுதாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "பல் செட்டா? அதை மாட்டிக்கிட்டுத் திரியறதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்," என்றார் வாத்தியார், பல் செட்டோடு.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து இரண்டு வாரம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு பல்வலி என்ற பேச்சே எடுக்கவில்லை. தன் அறிவுரைதான் வேலை செய்தது என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

இப்போது சிஸ்டர் அந்தச் செட்டை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை ஈயப் பெட்டியில் வைத்து மூடினார். வாத்தியார் மாஸ்க் ஒன்றை வாங்கி மூக்குக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவி எழுந்தாள். "என்னங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

அவர் காகிதத்தில் எழுதி, தரையில் வைத்து, பின்வாங்கினார். 'பேசக் கூடாது. எச்சிலில் கதிர்வீச்சு. டாக்டர் உத்தரவு.'

"எத்தனை நாளைக்கு?"

அவர் எட்டு விரல் காட்டினார். பிறகு இரண்டு விரலை வளைத்து ஒரு பூஜ்யம்.

"எண்பது நாளா? எண்பது நாள் நீங்க பேச மாட்டீங்களா?"

அவள் முகத்தில் அதிர்ச்சி வந்தது. அது அவ்வளவு சீக்கிரம் அமைதியாக மாறியது வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் படுக்கையறை அவருக்கு ஒதுக்கப்பட்டது, குளியலறையோடு சேர்த்து. மருத்துவமனை சொன்னது ஒரு வாரத் தனிமை. மனைவி அதை நூலக ஒழுங்கோடு நடத்தினாள். அவர் தட்டுக்கு ஒரு நம்பர், டம்ளருக்கு ஒரு நம்பர். கதவில் அச்சுப் போன்ற கையெழுத்தில் அறிவிப்பு: 'இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவும். பேச வைக்க வேண்டாம்.' அவள் கூடத்து சோபாவுக்கு மாறினாள். வாத்தியார் விசிலால் குடும்பம் நடத்தினார். ஒரு நீள விசில் என்றால் வா. இரண்டு குட்டை விசில் என்றால் தண்ணீர்.

முதல் சாப்பாடு வந்தது. மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டி, முழுசாக ஓர் ஆப்பிள், எச்சில் சுரப்பிக்கு நல்லது என்று சிஸ்டர் கொடுத்தனுப்பிய புளிப்பு மிட்டாய்.

"வெட்டலீங்க," என்று வாசலுக்கு அப்பாலிருந்து சொன்னாள். "பழத்தை வெட்டித் தின்னா பல்லுக்கு அவமானம்னு நீங்கதானே சொல்வீங்க. எனக்குத்தான் வெட்டாம இறங்காது."

வாத்தியார் கடித்துப் பார்த்தார். ஈறு ஆப்பிள்தோலில் வழுக்கி மூக்கு போய் மோதியது. ஆப்பிளை விளையாட்டுப் பையில் ஒளித்தார். ரொட்டியைப் பிய்த்துக் கழிப்பறையில் போட்டார். மூன்று தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மருத்துவமனை விதி. விதிப்படி ஊற்றினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கழிப்பறை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசல் வரை வந்தது. விசில் வீட்டையே கிழித்தது. மனைவி டெக்னீஷியனிடம் போனில் கேட்டுக்கொண்டு பிளம்பரை வரவழைத்தாள்.

பிளம்பர் கதவு அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். "மேடம், ஐயா வெடிப்பாரா?"

"வெடிக்க மாட்டாரு. கையுறை போட்டுக்கிட்டு, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாப் போதுமாம்."

"என் கம்பியே ஒன்றரை மீட்டர்தானே மேடம்."

கம்பியைத் துடைப்பக் குச்சியோடு சேர்த்துக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினார் பிளம்பர். வாத்தியார் அறை மூலையில் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார். வெளியே வந்தது ஊறிய ரொட்டி, கைப்பிடி கைப்பிடியாக.

"மேடம்," என்றார் பிளம்பர், "ஐயா சாப்பாட்டை வாய் வழியா அனுப்பாம நேரா இங்கயே போட்டுடறாரு போல."

மனைவி கூடத்துக்குப் போய் வெளியூரில் இருந்த மகளுக்குப் போன் செய்தாள். ஒரு நிமிடத்தில் வாத்தியாரின் போன் அடித்தது.

"அப்பா, ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க? மூஞ்சியைக் காட்டுங்க."

அவர் கேமராவை அணைத்தார்.

"மூஞ்சிக்கு என்ன ஆச்சு? அப்பா! தாடை வீங்கிடுச்சா?"

'ஒன்றுமில்லை' என்று தட்டச்சு செய்து அனுப்பினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வீடியோல வரேன். மாஸ்க் இல்லாம வரணும். வாயைத் திறந்து பேசணும். இல்லைன்னா ராத்திரி வண்டிக்கே கெளம்பி வந்துடுவேன்."

வாத்தியார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு ஆறு மாதம். கர்ப்பிணிகளை இந்தப் பக்கமே அண்ட விடாதீர்கள் என்று டெக்னீஷியன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். வராதே என்றால் வருகிற பெண் அது. அவர் வளர்த்த பெண். இரண்டே வழி. பல் இல்லை என்ற உண்மையைச் சொல்வது ஒன்று. உண்மையைச் சொல்லும் பழக்கம் விட்டுப்போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பல் செட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"அவசரமா ஒரு மேல்செட்டு வேணும்பா."

"நாளைக்கு சாயங்காலம் வந்து அளவு எடுத்தாலும் மூணு நாள் ஆகும் சார். மொதல்ல கட்டின செட்டு என்ன ஆச்சு? ரெண்டாவது செட்டு கட்டினப்ப அதைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னேனே?"

வாத்தியாருக்கு ஞாபகம் வந்தது. தூக்கிப் போடவில்லை. கூடத்து அலமாரியில் அவர் வாங்கிய ஐந்து கோப்பைகளில் ஒன்றுக்குள் ஒளித்திருந்தார். எந்தக் கோப்பை என்பதுதான் மறந்துவிட்டது.

"அதை வெச்சு நாளைக்கு ஓட்டிடுங்க. நான் அஞ்சரைக்கு வரேன். மேடம் இருப்பாங்களா?" பல் செட்டுக்காரரின் குரலில் ஒரு நடுக்கம்.

"அந்த நேரம் நடக்கப் போயிடுவா. நீ பயப்படாதே."

மூன்றாம் நாள், மத்தியானம் இரண்டரை. மனைவி சோபாவில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு தூங்கினாள். வாத்தியார் கையுறை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தார். நீளம் தாண்டும் கோப்பையில் கை விட்டார். செத்த பூச்சி. தொடர் ஓட்டக் கோப்பையில் கை விட்டார். நீல பிளாஸ்டிக் டப்பா. பல் செட்டுக்காரர் எல்லோருக்கும் கொடுக்கும் அதே நீல டப்பா.

மற்ற மூன்று கோப்பைகளை அவர் பார்க்கவில்லை. தேவை இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

குளியலறையில் கழுவி மாட்டினார். ஓரத்தில் இறுக்கியது. முன்பற்கள் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன. பழைய செட்டு, எத்தனை வருடம் கிடந்தது, ஈறும் மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று நாள் பசிக்கு ஓர் ஆப்பிளை முழுசாகக் கடித்துத் தின்றார்.

சரியாக நாலு மணிக்கு மகள் வந்தாள். வாத்தியார் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கண்ணு, அப்பாவைப் பாத்தாச்சா? தாடை வீங்கியிருக்கா?"

"பேசக் கூடாதுன்னாங்களே?"

"இன்னைக்குக் காலையில டாக்டர் பேசலாம்னுட்டார்." பல்லோடு சேர்ந்து பொய்யும் சரளமாக வந்தது. சிரித்துக் காட்டினார்.

மகள் திரைக்குக் கிட்டே வந்தாள். "அப்பா, இன்னொரு தடவை சிரிங்க."

சிரித்தார்.

"அய்யோ, அப்படியே அம்மா மாதிரி இருக்கு! நடுவுல அந்தச் சின்ன இடைவெளி கூட."

"முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தா மூஞ்சியும் ஒண்ணாத்தான் போகும்."

"சரி, அம்மாவைக் கூப்பிடுங்க."

கூடத்தில் அரை மணி நேரமாக ஏதோ இழுபடும் சத்தம். சோபா நகர்ந்தது. மெத்தைகள் விழுந்தன. அலமாரிக் கதவு திறந்து மூடித் திறந்தது. வாத்தியார் ஒரு நீள விசில் ஊதினார். சத்தம் நின்றது. மனைவி வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே மொத்தமும் மாஸ்க்.

"என்னத்தைத் தேடறே?"

அவள் ஒரு சீட்டை எழுதித் தரையில் தள்ளினாள். 'தொண்டை கட்டிக்கொண்டது. பேச முடியவில்லை.'

அவர் அதை மகளுக்கு வாசித்தார். மகள் கத்தினாள். "அப்பா! உங்ககிட்டேயிருந்து அம்மாவுக்கு ஏதாவது வந்துடுச்சா? மொதல்ல அதைக் கேளுங்க!"

மூன்று நாளாக இவள் அவருடைய தட்டைக் கழுவுகிறாள், துணியைத் துவைக்கிறாள். மனைவி வாசலிலிருந்து போனதும் டெக்னீஷியனுக்கு அடித்தார்.

"அவளுக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு சார். பேச்சே வரல. என்னாலயா?"

"ரெண்டு மீட்டர் தள்ளி இருந்தா ஒண்ணும் ஆகாது சார். உங்க எச்சில் பட்ட எதையாவது அவங்க வாயில வெச்சுக்கிட்டாங்களா?"

"சேச்சே. என் சாமான் ஒண்ணும் அவ வாய்க்குப் போகல. அதுல நான் ரொம்பக் கறார்."

"அப்ப கவலையே வேண்டாம்."

கவலை போகவில்லை. வாத்தியார் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற நினைப்பு முதல் தடவையாக வந்தது. தான் செத்தால் யார் யார் வருவார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார். இவள் பேசாமல் போவாள் என்று யோசித்ததே இல்லை. சொல்லிவிடலாமா என்று கூடத் தோன்றியது. என் பல் பொய், நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய் என்று. கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. மனைவி நடக்கப் போகவில்லை. போய்க் கதவைத் திறந்தவள் அவள்தான்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். பல் செட்டுக்காரர் கைப்பையோடு கூடத்தின் நடுவில் நின்றார். நெற்றியெல்லாம் ஈரம். மனைவி அவர் சட்டைக்கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். விட்டால் கெட்டது என்று வாத்தியார் அறை வாசலுக்கு வந்தார்.

"அட, வாப்பா வா! இவன் என் பழைய மாணவன். ஈட்டி எறிவான். உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டு வந்திருக்கான்."

அதே நேரத்தில் மனைவி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். 'நூலகத்து ஆள். புத்தகம் தைப்பவர்.'

"ஆமாம் சார்," என்றார் பல் செட்டுக்காரர். "ஆமாம் மேடம்."

"ஈட்டியும் எறிவியா, புத்தகமும் தைப்பியா?"

"ரெண்டும் சார்."

இவளுக்கு எதுவும் தெரியாது என்று வாத்தியாருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உறுதிப்படுத்திவிடலாம் என்று, மூன்று நாளில் முதல் தடவையாக மனைவியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

பல் செட்டுக்காரரின் கையிலிருந்து பை விழுந்தது. அளவு எடுக்கும் தகடுகள் தரையில் உருண்டன. அவர் குனியவில்லை. வாத்தியாரின் வாயையே பார்த்தார், ஊர் நடுவே தன் திருட்டுப்போன சைக்கிளைப் பார்த்தவர் போல.

மனைவியும் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னொரு அடி.

"ஏய், கிட்ட வராதே! ரெண்டு மீட்டர்! உனக்கு ஏற்கெனவே தொண்டை..."

அவள் நிற்கவில்லை. கையெட்டும் தூரத்தில் வந்து, அவருடைய முன்பல் இடைவெளியை உற்றுப் பார்த்தாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றினாள்.

மனைவியின் கன்னம் உள்ளே போயிருந்தது. மேலுதடு மடிந்து சுருங்கிக் கிடந்தது. மூன்று நாளில் அயோடின் இவளை இப்படித் தின்றுவிட்டதா? அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ! ஏய்... உன் பல்லெல்லாம் எங்க?"

அவள் வாயைத் திறக்கவில்லை. பதில் பின்னாலிருந்து வந்தது, மிகவும் மெதுவாக.

"உங்க வாயிலதான் இருக்கு சார்."

மனைவி எட்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை வளைத்து ஒரு பூஜ்யம். அவரை ஒதுக்கிவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.